எங்கள் ஊர்த் தெரபி சென்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளகோவில் பக்கம் ஒரு பழைய தறிக்கூடத்தில், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தெரபி சென்டர் நடத்துகிறோம். எங்கள் மூத்தவனுக்குப் பெருமூளை வாதம், அதாவது மூளையில் பட்ட அடியால் கைகால் அசைவு கட்டுக்குள் வராத நிலை. அவனைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் அலைந்த அலைச்சலில் பிறந்த இடம் இது. போனிலும் வாசலிலும் கல்யாண மண்டபத்துப் பந்தியிலும் ஒரே கேள்விகள் வந்துகொண்டே இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன். முதலில் குழந்தையைக் கூட்டி வருகிறவர்கள் கேட்பவை. அப்புறம், தங்கள் ஊரில் இப்படி ஒன்று ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் கேட்பவை. கேள்விகளை அவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

இது ஸ்கூலுங்களா, ஆஸ்பத்திரிங்களா?

இரண்டும் இல்லை. மருந்து, ஊசி கிடையாது, பரீட்சை, டி.சி. கிடையாது. நான்கு வேலை நடக்கிறது. உட்கார, நிற்க, நடக்க பிசியோதெரபி. சட்டை போடுவது, பல் விளக்குவது, சத்தமோ தொடுதலோ தாங்காத குழந்தையைப் பழக்குவது எல்லாம் ஆக்குபேஷனல் தெரபி. அடுத்தது பேச்சுப் பயிற்சி. மெல்லுவதும் விழுங்குவதும்கூட அதில்தான் சேரும். நான்காவது சிறப்புக் கல்வி. எல்லாக் குழந்தைக்கும் நான்கும் தேவைப்படாது. எது வேண்டும் என்பதை முதல் மதிப்பீட்டுக்குப் பிறகு தெரபிஸ்ட் சொல்வார், நான் சொல்ல மாட்டேன்.

பையனுக்கு ரெண்டு வயசாச்சு, இன்னும் பேசலைங்க. அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனானாமா. பொறுத்துப் பார்க்கலாமுங்களா?

பொறுக்க வேண்டாம். அப்பா லேட்டாகப் பேசியது நிஜமாகவே இருக்கலாம். அதை வைத்துப் பையனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரு வயதையொட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கணும். ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டணும், அர்த்தத்தோடு சில வார்த்தைகள் வரணும். இரண்டு வயதில் ‘பால் குடு’, ‘அம்மா வா’ என்று இரண்டு வார்த்தை சேரணும். பேசிக்கொண்டிருந்த குழந்தை வார்த்தைகளை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

முதல் வேலை காது சோதனை. கதவைச் சாத்தினால் திரும்புகிறான், காது நல்லாத்தான் கேட்குது என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். கனத்த சத்தம் கேட்கிற காதுக்கு ‘ச’ மாதிரி மெல்லிய ஒலி கேட்காமல் போகலாம். குழந்தையைத் தூங்க வைத்து எடுக்கும் பெரா சோதனையில் அது தெரிந்துவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி. என்ற தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் கீழ் நடப்பவை. பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசம். எங்களிடம் வருவதற்கு முன் அங்கே போய்விட்டு வந்தால் எங்களுக்கும் வேலை சுலபம்.

இங்க வந்தா நல்லாயிருமுங்களா? எத்தனை மாசத்துல?

‘நல்லாயிரும்’ என்றால் பெருமூளை வாதமோ ஆட்டிசமோ இல்லாமல் போய்விடுமா என்று கேட்கிறீர்கள். போகாது. பெருமூளை வாதத்தில் மூளையில் பட்ட அடி மேற்கொண்டு வளராது, ஆனால் குழந்தை வளர வளரத் தசை இறுகும், மூட்டு மடங்கும், இடுப்பு எலும்பு விலகும். கவனித்துக்கொண்டே இருந்தால் இதில் நிறையத் தடுக்கலாம். அதற்கு மேல், இன்று செய்ய முடியாத ஒன்றை மூன்று மாதத்தில் செய்ய வைக்கப் பார்ப்போம். ‘நடக்கணும்’ என்பதை நாங்கள் இலக்காக எழுதுவதில்லை. ‘பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழணும்’, ‘பசிக்குதுன்னு கை காட்டணும்’ என்று எழுதுவோம். மூன்று மாதம் கழித்து நடந்ததா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மாதக் கணக்குச் சொல்லி உத்தரவாதம் கொடுக்கிற இடம் எதுவானாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

உங்க பையனே நடக்கலையாமா. அப்புறம் எங்க புள்ளைய எப்படி நடக்க வெப்பீங்க?

இதை முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பின்னால் பேசுகிறவர்கள் நிறைய, அதனால் இதையும் சேர்த்துவிட்டேன். ஆமாம், அவன் நடக்கவில்லை, சக்கர நாற்காலிதான். பெருமூளை வாதத்தில் உடல் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. முதல் நிலைக் குழந்தை ஓடும், படியேறும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலை நிற்பதே பாடு. என் பையன் நான்காம் நிலை. இரண்டு வயதைத் தாண்டினால் ஒரு குழந்தை எந்த நிலை என்று அனுபவமுள்ள தெரபிஸ்ட் ஓரளவு சொல்லிவிடுவார், பெரும்பாலும் அது பெரிதாக மாறுவதில்லை.

அவன் வளைந்த காம்புள்ள கரண்டியில் தானே சாப்பிடுகிறான். படப் பலகையைத் தொட்டு, யார் வீட்டுக்கு வந்தால் பிடிக்காது என்றுகூடச் சொல்லிவிடுவான். நடக்காதவனுக்குத் தெரபி எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். படப் பலகை பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: அப்படி ஆவதில்லை. பலகையோ ஆப்போ பழகிய குழந்தைகளில் பலருக்குப் பேச்சு கூடத்தான் செய்கிறது.

சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படின்னு மாமியார் சொல்றாங்க. நெசமுங்களா?

பாதி நிஜம். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில், இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. பொதுவாக நூறு பிறப்பில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும் என்றால், இதில் ஏறக்குறைய இரு மடங்கு என்கிறார்கள். அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நல்லபடியாகத்தான் பிறக்கிறார்கள்.

ஆனால் எல்லாக் குறைக்கும் அதுவே காரணம் ஆகாது. பெருமூளை வாதம் பெரும்பாலும் குறைமாதப் பிறப்பு, பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் இவற்றால் வருவது. டவுன் சிண்ட்ரோம் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. சொந்தம், அசல் என்று அது பார்ப்பதில்லை. அடுத்த குழந்தைக்கு முன் கோயமுத்தூரில் மரபணு ஆலோசனை பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்.

பண்ணாரிக்கு வேண்டியிருக்கோம். முடிச்சுட்டு வரட்டுங்களா?

வேண்டுதலும் தெரபியும் ஒரே வாரத்தில் நடக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீக்குண்டம் மட்டும் இறங்காதீர்கள்.

எண்ணெய் போட்டு நீவறோம், உருட்டற வாக்கர் வாங்கி உட்கார வெச்சிருக்கோம். போதாதுங்களா?

மெதுவாக எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை, குழந்தைக்குச் சுகமாக இருக்கும். இறுகிய காலைப் பலங்கொண்டு இழுத்து நீவுவது வேண்டாம், எலும்பு முறியலாம். வட்ட வாக்கரை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுங்கள். காலிறுக்கம் உள்ள குழந்தை அதில் நுனிக்காலில் எகிறி எகிறிப் போகும். அதைப் பார்த்து ‘நடக்கறான்’ என்று வீடே சந்தோஷப்படும், கால் மேலும் இறுகும்.

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டாதீர்கள். புரையேறிச் சோறு நுரையீரலுக்குப் போனால் அடிக்கடி சளி, காய்ச்சல், நிமோனியா. நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்து, சின்னக் கரண்டியில் கொடுங்கள். சில குழந்தைகளுக்குத் தண்ணியாக இருப்பதைவிடக் குழைவாக இருப்பது சுலபமாக இறங்கும். குழைய வேகவைத்து மசித்த அரிசிம்பருப்புச் சோறு எங்கள் சென்டரில் பல பேருக்குப் பழக்கம்.

வாரத்துக்கு எத்தனை நாள் வரோணும்? நாங்க ரெண்டு பேரும் மில்லுக்குப் போறவங்க.

வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, சொல்லிக்கொடுத்ததை வீட்டில் தினமும் செய்தால் போதும். ஆறு நாள் இங்கே விட்டுவிட்டு வீட்டில் சும்மா படுக்க வைத்தால் பிரயோஜனம் குறைவு. அதனால்தான் இங்கே குழந்தையை விட்டுவிட்டு வாசலில் உட்கார விடுவதில்லை. உள்ளே வந்து பார்க்கணும், செய்து காட்டணும்.

ஷிப்டு வேலைதான் இந்தப் பக்கத்தின் பெரிய சிக்கல். அப்பத்தாவோ அம்மாயியோ கூட்டி வந்தால் அவர்களுக்கே சொல்லித் தருகிறோம். சொல்லப்போனால் அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். ‘தினம் அரை மணி நேரம் பயிற்சி’ என்று கொடுத்தால் எந்த வீட்டிலும் நடக்காது. குளிக்க வைக்கும்போது இது, சட்டை மாட்டும்போது இது, சாப்பாட்டுக்கு முன்னால் இது என்று ஏற்கெனவே நடக்கிற வேலையில் சேர்த்துக் கொடுப்போம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு: 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை.

சர்டிபிகேட் எடுத்தா நாளைக்கு அவ அக்கா கல்யாணத்துக்கு இடைஞ்சல்னு வீட்டுல சொல்றாங்க. எடுக்கோணுமுங்களா?

எடுத்துவிடுங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பார்த்தா தெரிந்துகொள்ளப் போகிறார்கள்? ஊரில் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. முன்பிருந்த 1995 சட்டத்தில் ஏழுதான். ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் இப்போது உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை உண்டு. மருத்துவச் செலவோடு தெரபிக் கட்டணத்துக்கும் அதில் இடமிருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும்தான் அது. கார்டு இல்லாமல் இதில் எதுவும் நகராது.

கவர்மெண்ட்லயே இலவசமாக் குடுக்கறாங்களாமா. அப்புறம் எதுக்குங்க உங்க சென்டர்?

நல்ல கேள்வி. கிடைக்கிற இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டி.இ.ஐ.சி. பற்றி மேலே சொன்னேன். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் பள்ளிக் கல்வித் துறையின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபிஸ்ட் வரும் நாளும் உண்டு. நடமாட முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறந்து வருகிறார்கள். உங்கள் ஒன்றியத்தில் வந்துவிட்டதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

எங்களிடம் வருகிற பல பேர் அங்கேயும் போகிறவர்கள்தான். அங்கே நாள் தள்ளித் தள்ளித்தான் கிடைக்கிறது, இங்கே வாராவாரம் கிடைக்கிறது. பக்கத்தில் தினமும் இலவசமாகக் கிடைக்கும் நாள் வந்தால் நாங்கள் இதைச் சந்தோஷமாக மூடிவிட்டுத் தறியை ஓட்டுவோம்.

ஸ்டெம் செல் போட்டா சரியாகுதுன்னு விளம்பரம் பார்த்தேன். தோட்டத்துல கொஞ்சம் வித்தாவது போட்டரலாமா?

தோட்டத்தை விற்காதீர்கள். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல, அதைச் செய்வது மருத்துவருக்குத் தொழில் ஒழுங்குமீறல் என்று சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி ரத்த நோய்களுக்கான சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலை. ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஸ்கூல்ல சேர்த்துக்க மாட்டேங்கறாங்க. ‘உங்க சென்டர்லயே வெச்சுக்கோங்க’ன்னு சொல்றாங்க.

மேலே சொன்ன 2016 சட்டப்படி, அரசுப் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ குறைபாட்டைக் காட்டித் தள்ளக் கூடாது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டுச் சேர்த்த பள்ளியில் பிள்ளை எப்படி இருப்பான் என்ற பயம் நியாயமானது. அதனால் முதலில் எங்கள் சிறப்பாசிரியர் ஒரு கடிதம் எழுதித் தருவார்: இவனை எந்த இடத்தில் உட்கார வைக்கணும், சத்தம் தாங்காவிட்டால் என்ன செய்யணும், கழிப்பறைக்கு எப்படிச் சொல்வான் என்று. தலைமையாசிரியர்களில் பாதிப்பேர் பயத்தில்தான் மறுக்கிறார்கள். கடிதத்துக்கும் மசியாவிட்டால் அப்புறம் வட்டாரக் கல்வி அலுவலர், அப்புறம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

நானும் எங்க ஊர்ல ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். பெத்தவங்க நடத்துனா உருப்படுங்களா? முதல்ல என்ன பண்றது?

இந்த நாட்டில் இந்த வேலை நிறையப் பெற்றவர்களால்தான் தொடங்கியது. 1972-ல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியை ஆரம்பித்த மிது ஆலூர், 1985-ல் சென்னையில் இன்றைய வித்யாசாகரை ஆரம்பித்த பூனம் நடராஜன், 1991-ல் டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் ஆரம்பித்த மெர்ரி பரூவா, மூவரும் அம்மாக்கள்.

நம்மவர்கள் முதலில் இடம் பார்க்கிறார்கள், அப்புறம் போர்டு, அப்புறம் திறப்பு விழா, கடைசியில் தெரபிஸ்ட். தலைகீழ். முதலில் வாரம் மூன்று நாளாவது உங்கள் ஊருக்கு வர ஒத்துக்கொள்ளும் ஒரு தெரபிஸ்ட்டைத் தேடுங்கள். அவர் கிடைத்தால் உங்கள் வீட்டு முன்னறையே போதும். அவர் கிடைக்காவிட்டால் எத்தனை சதுர அடி கட்டினாலும் வெறும் ஹால்தான்.

தெரபிஸ்ட் எங்க கிடைப்பாங்க? யூடியூப் பார்த்து நாமளே கத்துக்கிட்டுச் செஞ்சா ஆகாதா?

உங்கள் குழந்தைக்கு நீங்கள் செய்யலாம், செய்யணும். அடுத்தவர் குழந்தைக்குக் காசு வாங்கிக்கொண்டு நீங்கள் செய்யக் கூடாது. வலிப்பு உள்ள குழந்தை, கழுத்தெலும்பு தளர்ந்த டவுன் சிண்ட்ரோம் குழந்தை, இடுப்பு விலகிய குழந்தை எது என்று உங்களுக்குத் தெரியாது. பெற்ற அனுபவம் பெரிய விஷயம். அது பட்டயம் ஆகாது.

பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவெண் கேளுங்கள். பிசியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் ஆர்.சி.ஐ.-யில் வராது, பட்டச் சான்றிதழைப் பாருங்கள். கோயமுத்தூரில் இரண்டுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்தில் சிறப்புக் கல்விப் படிப்புகளுக்குத் தனிப் புலமே இருக்கிறது. கல்யாணமாகி தாராபுரம், காங்கயம், மூலனூர்ப் பக்கம் வந்து, படிப்பை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு மாமனார் வீட்டில் அனுமதி வாங்குவதுதான் எங்கள் இன்டர்வியூவின் கஷ்டமான பகுதி.

தறிக்கூடம் சும்மாத்தான் கெடக்குது. அது போதுமுங்களா?

போதும். தூணில்லாத அகலமான தரை இதற்கு வரம். கவனிக்க வேண்டியது மூன்று. வாசலில் சாய்தளம்: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கதவு மூன்றடிக்குக் குறையக் கூடாது. கூரை சிமென்ட் ஷீட் என்றால் கீழே சீலிங் அடித்தே ஆகணும், சித்திரை வெயிலில் எந்தக் குழந்தையும் பயிற்சி செய்யாது. தெரபி ஊஞ்சலை ஷீட் தாங்கும் கம்பியில் மாட்டாதீர்கள், இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு மாட்டுங்கள். இதையெல்லாம் செய்தாலும், பக்கத்துக் கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அந்தச் சத்தம் சித்திரவதை.

சாமான்களுக்கு வெளியூர் கேட்டலாக் பார்க்க வேண்டியதில்லை. தெரபிஸ்ட் அளவு எழுதிக் கொடுத்தால் நிற்கும் பலகையையும் மூலை நாற்காலியையும் உள்ளூர் ஆசாரி செய்வார், நடை பழகும் கம்பிகளை வெல்டிங் பட்டறையில் அடித்துத் தருவார்கள். இழுபடும் பனியன் துணியில் தொட்டில் மாதிரி ஊஞ்சல் தைக்கத் திருப்பூர் பக்கத்தில் இருக்கிற நமக்குச் சொல்லித்தர வேண்டுமா!

டிரஸ்ட் போடோணுமா? என்னென்ன பதிவு வேணும்? பணத்துக்கு என்ன பண்றது?

நன்கொடை வாங்குவதாக இருந்தால் டிரஸ்ட் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். சங்கமாகவும் பதியலாம், அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். சொந்தக்காரர்களை மட்டும் டிரஸ்டியாகப் போடாதீர்கள், பங்காளிச் சண்டை சென்டருக்குள் வந்துவிடும். வருமான வரித் துறையில் விலக்குப் பதிவும், நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை கிடைக்க 80ஜி என்று எல்லாரும் சொல்லும் பதிவும் வாங்க ஆடிட்டரைப் பாருங்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம்: 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் அரசிடம் பதிவுச் சான்று பெற்றே நடத்தணும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள்.

பணம்: கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் தருவார்கள், சம்பளத்துக்குத் தர மாட்டார்கள். செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். கட்ட முடிந்தவர்களிடம் முழுக் கட்டணம், முடியாதவர்களிடம் முடிந்தது என்று வைத்திருக்கிறோம். ஒன்றுமே வாங்காமல் இருப்பதில்லை, வாங்காவிட்டால் வருகை ஒழுங்காக இருப்பதில்லை. மில்களிடம் சி.எஸ்.ஆர். என்ற, கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம் கேட்கச் சி.எஸ்.ஆர்.-1 பதிவு வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழி அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் ஆகும், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. பிறந்த நாளுக்குச் சோறு போட வருகிறவர்களிடம், ஒரு குழந்தையின் காலை வளையாமல் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட் வாங்கித் தரச் சொல்கிறோம். வளர வளர அது மாறிக்கொண்டே இருக்கும் செலவு. பிள்ளைகளோடு போட்டோ எடுக்க விடுவதில்லை; இதனால் கொஞ்சம் பேர் கோபித்துக்கொண்டு போனதுண்டு.

பேசத் தெரியாத புள்ளைங்க. உள்ள என்ன நடக்குதுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?

எந்த சென்டரிலும் இதை நீங்கள் கேட்கணும், முகம் சுளிக்கிற இடத்தில் விடாதீர்கள். இங்கே எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது. டயாபர் மாற்றுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது யார் என்று நோட்டில் எழுதுகிறோம். கேமரா உண்டு. சந்தேகம் வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் செய்வது எங்கள் கடமை. பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் கிடையாது என்று சேரும் நாளிலேயே ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம்.

எங்களுக்கப்புறம் நீங்க பார்த்துக்குவீங்களா? டிரஸ்டுக்கு ஒரு ஏக்கர் எழுதி வெச்சரட்டுங்களா?

மாட்டோம், எழுதி வைக்காதீர்கள். இது பகலில் வந்து போகும் இடம். ஆயுள் முழுக்க ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆளும் அனுமதியும் எங்களுக்கு இல்லை. இதே கேள்வியோடு ராத்திரி விழித்திருக்கிறவள்தான் நானும்.

செய்யக்கூடியது இருக்கிறது. 18 வயது வரை நீங்கள்தான் இயற்கைப் பாதுகாவலர். 18 முடிந்ததும் அந்த அதிகாரம் தானாகத் தொடராது. வங்கியிலும் சொத்துப் பதிவிலும் அப்போதுதான் சிக்கல் தெரியும். நிராமயா பகுதியில் சொன்ன நான்கு வகைக்கும், 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனத்துக்கு மனுப் போடலாம். பெற்றவர்களே போட்டுக்கொள்ளலாம், உறவினரையும் முன்மொழியலாம். சொத்தைக் குழந்தை பேரில் நேராக எழுதாமல் தனி டிரஸ்ட் போட்டு, நம்பும் ஒருவரையும் அவரைக் கேள்வி கேட்கக்கூடிய இன்னொருவரையும் அதில் சேர்த்து எழுதச் சொல்கிறார் எங்களுக்குப் பார்க்கும் வக்கீல். கூடப் பிறந்தவர்களிடம் கேட்காமல் அவர்கள் பேரைப் போடாதீர்கள். மனுவுக்கு வேண்டிய காகிதங்களின் பட்டியல் சென்டரில் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.